காய்ந்த புழுவும் டிஎன்ஏ சாட்சியும்: பூச்சிப் பூஞ்சைகளின் பருவங்களை இணைத்தல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்துவடிவம்)



ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு வாதிட வேண்டும் என்பது இந்தச் சொற்பொழிவுக்கான நிபந்தனை. எனக்கு உவப்பான நிபந்தனை அது. பூச்சிகளைத் தொற்றிக் கொன்று வாழும் பூஞ்சைகளில் பலவற்றுக்கு இரண்டு பருவங்கள் உண்டு. இரண்டுக்கும் சாயல் ஒற்றுமை துளியும் இராது. எந்தப் பருவம் எதனோடு சேரும் என்று கண்டுபிடிக்க, நூறாண்டுக்கும் மேலாக அறிஞர்கள் பாடுபட்டார்கள். கடந்த முப்பது ஆண்டுகளில் அந்த வேலையை டிஎன்ஏ வரிசை எடுத்துக்கொண்டுவிட்டது. சிக்கல் தீர்ந்தது என்ற நிம்மதியும் துறைக்குள் பரவியிருக்கிறது.

அந்த நிம்மதியைத்தான் இன்று கேள்விக்கு உட்படுத்துகிறேன். டிஎன்ஏ வரிசை சொல்வது இரண்டு மாதிரிகளுக்கு இடையிலான உறவை. பருவம் என்பதோ ஓர் உயிரின் வாழ்க்கையில் நடந்தேறும் நிகழ்ச்சி. உறவைக் கொண்டு நிகழ்ச்சியை நிறுவ வேண்டுமானால் நடுவில் ஒரு சான்று வேண்டும். பெயரிட்டுப் பாதுகாத்த மாதிரியும் அதிலிருந்து எடுத்த வளர்ப்பும்தான் அந்தச் சான்று. அது இருந்த இடங்களில் டிஎன்ஏ பெரிய புதிர்களை அவிழ்த்திருக்கிறது. இல்லாத இடங்களில் புதிய குழப்பங்களை உண்டாக்கியிருக்கிறது.

மேடையில் சொன்ன கிளைக்கதைகள் சிலவற்றை இங்கே நீக்கியிருக்கிறேன். வாதம் பின்தொடர எளிதாக இருக்கட்டும் என்று பகுதிகளுக்கு எண் இட்டிருக்கிறேன்.

1

உயிரை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெவேரியா பாசியானா என்ற பெயர் இந்த அவையில் உழவர் குடும்பத்திலிருந்து வந்தவர்களுக்குப் பழக்கமானது. வெள்ளைப் பொடியாகப் பாக்கெட்டில் விற்கிறார்கள். அந்தப் பொடியில் இருப்பவை கொனிடியா எனும் ஸ்போர்கள். பூச்சியின் தோலில் விழுந்த ஸ்போர் முளைத்து, நொதிகளாலும் அழுத்தத்தாலும் தோலைத் துளைத்து உள்ளே போகும். உடல் திரவத்தில் பெருகும். சில நாள்களில் பூச்சி இறந்து விறைக்கும். ஈரப்பதம் இருந்தால் பூஞ்சை வெளியே வந்து உடல் முழுவதும் வெள்ளையாகப் பூக்கும். இதில் ஆண் பெண் சேர்க்கை எதுவும் கிடையாது, தன்னைத் தானே படியெடுத்துப் பரவுகிறது. பாலிலாப் பருவம் என்கிறோம்.

வடஇத்தாலியின் லோடி வட்டாரத்தைச் சேர்ந்த அகோஸ்டினோ பாஸி, பட்டுப்புழுக்கள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துச் சாகும் நோய்க்கு இந்தப் பூஞ்சையே காரணம் என்று 1835இல் நூலாக வெளியிட்டார். நுண்ணுயிர் ஒன்று விலங்குக்கு நோய் தரும் என்பதைப் பாஸ்டருக்கும் காக்குக்கும் முன்னரே சோதித்துக் காட்டியவர் அவர். படித்தது சட்டம் என்பதை மாணவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இனி மற்றொரு பருவம். ஈரமான காட்டில், இலைச் சருகுக்கு அடியில் புதைந்த புழுவிலிருந்தோ கூட்டுப்புழுவிலிருந்தோ ஒரு தண்டு மேலே எழும். கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்றால் நல்ல ஆரஞ்சு நிறம். உருவம் சிறு கதாயுதம் போல இருக்கும். தண்டின் தலைப்பகுதியில் கண்ணுக்குப் புள்ளிகளாகத் தெரியும் குடுவைகள். குடுவைக்குள் நீண்ட பைகள். ஒவ்வொரு பையிலும் நூலிழை போன்ற எட்டு ஆஸ்கோஸ்போர்கள். மரபணுக் கலப்பு நடந்து உருவாகும் ஸ்போர்கள் இவை. இது பாலினப் பருவம்.

பொடியை வயலில் பார்த்தவர் தண்டைப் பார்த்திருக்க மாட்டார். தண்டைக் காட்டில் சேகரித்தவருக்குப் பொடியைப் பற்றி நினைக்கக் காரணமில்லை. இரண்டும் ஒரே இடத்தில் ஒரே காலத்தில் தோன்ற வேண்டிய கட்டாயமும் கிடையாது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். 1910இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய தாவரவியல் மாநாட்டின் விதிகள் அந்த வழக்கத்துக்கு அனுமதியும் கொடுத்தன. தெரியாததை ஒத்துக்கொண்ட நேர்மையான விதி அது என்பது என் கருத்து. இன்று அதைக் கேலி செய்பவர்கள் அன்றைய நிலைமையை எண்ணிப் பார்ப்பதில்லை.

2

டிஎன்ஏ வருவதற்கு முன் பருவங்களை எப்படி இணைத்தார்கள்? மூன்று வழிகள் இருந்தன. இரண்டும் ஒரே பூச்சியின் மேல் சேர்ந்து இருப்பதைப் பார்ப்பது முதல் வழி. ஒரே வகைப் பூச்சியை, ஒரே வட்டாரத்தில், இரண்டும் தாக்குவதைக் கவனிப்பது இரண்டாவது. ஆஸ்கோஸ்போரைத் தட்டில் முளைக்கவிட்டு, அதிலிருந்து கொனிடியா வருகிறதா என்று பார்ப்பது மூன்றாவது.

முதல் வழி எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு நல்ல உதாரணம் பிரான்சின் துலான் சகோதரர்கள். பூஞ்சை ஒன்றுக்குப் பல வடிவங்கள் இருக்க முடியும் என்பதை 1861 முதல் 1865 வரை மூன்று பெரிய தொகுதிகளில் நிறுவிய மேதைகள். அவர்களே, ஐசேரியா ஃபாரினோசா என்னும் பொடிப்பூஞ்சை கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸின் பாலிலாப் பருவம் என்று கொண்டார்கள். இரண்டும் ஒரே மாதிரியான கூட்டுப்புழுக்களில், ஒரே காட்டில், சில நேரம் அருகருகே கிடைக்கின்றன. அப்படி நினைத்தது இயல்பு. பாடநூல்களில் அது ஊறிப்போயிற்று. 1936இல் தாமஸ் பெட்ச் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதி, இரண்டும் வெவ்வேறு பூஞ்சைகள் என்று வாதிட்டார். இன்றைய டிஎன்ஏ மரத்தில் அவை தனித்தனிச் சிற்றினங்களாகவே நிற்கின்றன. ஒரே பிணத்தை இரண்டு பூஞ்சைகள் பங்கிட்டுக்கொள்ளலாம். பக்கத்தில் இருப்பதால் மட்டும் உறவு ஆகிவிடாது.

பெட்சைப் பற்றி இங்கே நின்று சொல்ல வேண்டும், அவர் நமக்கு அண்டை நாட்டில் வேலை செய்தவர். 1905 முதல் இலங்கையில் பேராதனையில் அரசுப் பூஞ்சையியலாளர். தேயிலை, ரப்பர் நோய்களைப் பார்ப்பது அவருடைய உத்தியோகம். பூச்சிப் பூஞ்சைகள் அவருடைய ஆசை. வெள்ளை ஈக்களையும் செதில் பூச்சிகளையும் மூடி, இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் திண்டுபோல் வளரும் ஹைப்போக்ரெல்லா, அஷர்சோனியா ஆகியவற்றைப் பற்றி 1921இல் அவர் எழுதிய ஆய்வுநூலை இன்றும் மேற்கோள் காட்டுகிறோம். அந்தக் குழுவில் இணைப்பு எளிது, ஒரே திண்டுக்குள் இரண்டு பருவங்களும் சேர்ந்து கிடைக்கும். லென்ஸ் போதும். இப்படிப்பட்ட வசதி எல்லாப் பூஞ்சைகளிலும் வாய்ப்பதில்லை.

மூன்றாவது வழியின் ஆற்றலைக் காட்டும் நிகழ்ச்சி 1996இல் வெளியானது. சிறுநீரகம், கல்லீரல் மாற்று அறுவை செய்தவர்களுக்குத் தரப்படும் சைக்ளோஸ்போரின், நார்வேயின் ஹார்டாங்கர்விடா மேட்டுநிலத்து மண்ணிலிருந்து பிரித்த டோலிபோக்ளாடியம் இன்ஃப்ளாட்டம் என்ற பூஞ்சையிலிருந்து கிடைத்தது. ஆய்வுக்கூடங்களில் வளர்ந்த அந்தப் பூஞ்சை இயற்கையில் எப்படி வாழ்கிறது என்பது தெரியாமலே மருந்து உலகெங்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேத்தி ஹாட்ஜ், ஸ்டூவர்ட் கிராஸ்னாஃப், ரிச்சர்ட் ஹம்பர் மூவரும், வண்டின் புழுவில் வளர்ந்திருந்த கார்டிசெப்ஸ் சப்செசிலிஸின் ஸ்போர்களை வளர்த்தபோது தட்டில் வந்தது டோலிபோக்ளாடியம். மண்ணில் கிடந்ததாக நினைத்த பூஞ்சை, வண்டுப் புழுவைக் கொல்லும் ஒட்டுண்ணி! இந்த இணைப்பை யாரும் இதுவரை மறுக்கவில்லை. காரணம், ஒரு பருவத்தின் ஸ்போரிலிருந்து மற்றொரு பருவம் கண் முன்னே பிறந்தது.

3

ஆனால் எல்லா ஸ்போர்களும் தட்டில் முளைப்பதில்லை. காய்ந்து நூறாண்டு ஆன மாதிரியின் ஸ்போர் முளைக்கவே முளைக்காது. டிஎன்ஏ வரிசையின் வரவு இங்கேதான் விடுதலையாக அமைந்தது. ரைபோசோம் மரபணுக்களுக்கு இடையிலுள்ள ஐடிஎஸ் எனும் பகுதியைப் பெருக்குவதற்கான பிரைமர்கள் 1990இல் வெளியாகி, உலகின் ஒவ்வொரு பூஞ்சைக் கூடத்துக்கும் போயின. 2012இல் பூஞ்சைகளுக்கான பொது அடையாளக் குறியாக அதையே ஏற்றார்கள். தண்டிலிருந்து ஒரு துணுக்கு, பொடியிலிருந்து ஒரு துணுக்கு. இரண்டையும் பிசிஆர் செய்து வரிசையை ஒப்பிட்டால் ஒரு வாரத்தில் விடை.

பெவேரியாவுக்கே வருவோம். பாஸியின் நூல் வந்து 166 ஆண்டுகள் கழித்து, 2001இல், சீனாவின் லி செங்ஜி குழுவினர் பெவேரியா பாசியானாவின் பாலினப் பருவத்தைக் கண்டதாக அறிவித்தார்கள். கார்டிசெப்ஸ் பாசியானா என்று பெயரும் இட்டார்கள். 2005இல் ஸ்டீபன் ரேனரும் எலன் பக்லியும் பல நாட்டுப் பெவேரியாக்களை எடுத்து, ஐடிஎஸ்ஸோடு இஎஃப்-1 ஆல்ஃபா என்ற மரபணுவையும் சேர்த்து மரம் வரைந்தார்கள். கிழக்கு ஆசியாவின் கார்டிசெப்ஸ் பாசியானா, உலகெங்கும் உள்ள பெவேரியா பாசியானாவின் கிளையிலேயே வந்து உட்கார்ந்தது. சீனர்கள் சொன்னது சரி என்று ஆயிற்று.

அந்த மரம் இன்னொன்றையும் காட்டியது. பெவேரியா பாசியானா என்று பெயர்ச்சீட்டு ஒட்டிய வளர்ப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு கிளைகளில் பிரிந்து கிடந்தன. நுண்ணோக்கியில் ஸ்போரைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. இரண்டாவது கிளைக்கு 2011இல் பெவேரியா சூடோபாசியானா என்று பெயர் வந்தது. சற்று யோசித்துப் பாருங்கள்: அந்த மரம் வரையப்படாமல் இருந்து, இரண்டாவது கிளையைச் சேர்ந்த ஒரு வளர்ப்பை வைத்துக்கொண்டு யாராவது தண்டு தேடியிருந்தால், "பாசியானாவின் பாலினப் பருவம்" என்று முற்றிலும் வேறொன்றைக் காட்டியிருப்பார்கள். அதாவது, இணைப்பைத் தேடும் முன் எதை இணைக்கிறோம் என்பதை வரையறுக்க வேண்டும். டிஎன்ஏவின் பெரிய கொடை என்று நான் கருதுவது இந்த வரையறையைத்தான். இணைப்பு அதற்கு அடுத்தபடி.

4

இனி பணம் புரளும் உதாரணம். ஓபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ். திபெத்து மேட்டுநிலத்திலும் இமயமலைப் புல்வெளிகளிலும், ஏறத்தாழ 3000 மீட்டரிலிருந்து 5000 மீட்டர் உயரம்வரை, மண்ணுக்கடியில் வாழும் அந்துப்பூச்சிப் புழுக்களைத் தாக்கி, பனி உருகும் காலத்தில் கரும்பழுப்புத் தண்டாக வெளிவரும் பூஞ்சை. நேபாளத்தில் யார்சாகும்பா, உத்தராகண்டில் கீடாஜடி. பல மலைக் கிராமங்களுக்கு ஆண்டு வருமானமே இதிலிருந்துதான். 1843இல் பெர்க்லி இதை விவரித்தார்.

இதன் பாலிலாப் பருவம் எது என்பது சந்தைக் கேள்வியும்கூட. மலையில் பொறுக்குவதற்குப் பதிலாகத் தொட்டியில் வளர்த்து விற்கலாம் அல்லவா? இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீன ஆய்வுக்கூடங்கள் பல, புழுவையும் தண்டையும் வெட்டித் தட்டில் வைத்தன. எது வளர்ந்ததோ அதைப் பாலிலாப் பருவம் என்று அறிவித்தன. இப்படி முன்மொழியப்பட்ட பெயர்கள் இருபதுக்கும் மேல். பல பேரினங்களைச் சேர்ந்தவை. அத்தனையும் சரியாக இருக்கவே முடியாது.

குழப்பத்துக்குக் காரணம் எளிது. இயற்கையில் எடுத்த புழு ஒரு பூஞ்சையின் வீடு மட்டும் அல்ல. தோலிலும் உள்ளேயும் வேறு பூஞ்சைகள் குடியிருக்கும். உண்மையான பூஞ்சை மிக மெதுவாக, குளிரில் மட்டும் வளரும் இயல்புடையது. தட்டில் வைத்தால் கூடக் குடியிருப்பவை முந்திக்கொள்ளும். வேகமாக ஓடி வந்தவனைப் பரிசுக்குரியவன் என்று எழுதிக்கொண்டார்கள்.

1989இல் ஹிர்சுடெல்லா சைனென்சிஸ் என்று ஒன்றை விவரித்தார்கள். 2001இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஐடிஎஸ் வரிசையை ஒப்பிட்டு, போட்டியாளர்களில் ஹிர்சுடெல்லாவே தண்டின் வரிசையோடு பொருந்துகிறது என்று காட்டின. பெசிலோமைசிஸ் ஹெப்பியாலி உள்ளிட்ட மற்றவை விலகி நின்றன. தண்டு என்னும் மாதிரி, அதற்குப் பெயரிட்ட வளர்ப்பு, இரண்டுக்கும் இடையே ஒப்பீடு. மூன்றும் இருந்ததால் வழக்கு முடிந்தது. பெசிலோமைசிஸ் ஹெப்பியாலியிலிருந்து செய்த கேப்ஸ்யூல் சீனச் சந்தையில் இன்னும் விற்கிறது. அந்தப் பூஞ்சை இப்போது சாம்சோனியெல்லா என்ற வேறு பேரினத்தில் இருக்கிறது. அது பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. இமயத்துப் பூஞ்சையின் ஒரு பருவம் என்று அதைச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் டிஎன்ஏவுக்கு முழு வெற்றி. ஆனால் அதே பூஞ்சையில் ஐடிஎஸ் வேறு ஒரு தொல்லையையும் கொண்டுவந்தது. சில மாதிரிகளிலிருந்து அடினினும் தைமினும் மிகுந்த, மாறுபட்ட வரிசைகள் வந்தன. வேறுபாடு மிகுதி, ஆகவே இவை புழுவுக்குள் ஒளிந்திருக்கும் வேறு பூஞ்சைகள் என்று ஒரு தரப்பு வாதிட்டது. ஐடிஎஸ் ஒரு மரபணுத் தொகுதிக்குள் நூற்றுக்கணக்கான படிகளாக இருக்கும். பொதுவாக அந்தப் படிகள் ஒன்றையொன்று ஒத்தே இருக்கும் என்று நம்பித்தான் அதை அடையாளக் குறியாக வைத்திருக்கிறோம். 2013இல் லி, ஜியாவோ, யாவ் மூவரும் தனி ஸ்போரிலிருந்து வளர்த்த ஒரே வளர்ப்புக்குள்ளேயே மாறுபட்ட படிகள் இருப்பதைக் காட்டினார்கள். செயலிழந்து சிதைந்துபோன படிகள் அவை. சாட்சி ஒருவரே, வாக்குமூலம் மட்டும் பலவிதம்!

இந்தத் தகராறைத் தீர்த்தது எது என்று கவனியுங்கள். இன்னும் நுட்பமான வரிசையெடுப்பு இயந்திரம் அல்ல. ஒற்றை ஸ்போரிலிருந்து எடுத்த வளர்ப்பு. வரிசை எழுப்பிய கேள்விக்கு, பழைய மூன்றாவது வழி பதில் சொன்னது.

5

உறவையும் பருவத்தையும் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். ஏன் என்பதற்கு நம் நெல்வயலிலேயே விடை இருக்கிறது. தண்டின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சி, பயிரைத் தீய்ந்ததுபோல் ஆக்கும் புகையான், இந்த அவைக்குப் புதிதல்ல. அதன் கொழுப்புத் திசுவுக்குள் ஈஸ்ட் போன்ற உயிர்கள் வாழ்கின்றன. முட்டை வழியாகத் தாயிடமிருந்து சேய்க்குப் போகின்றன. கழிவாகப் போகவேண்டிய யூரிக் அமிலத்தைப் பூச்சிக்கு மீண்டும் பயன்படும்படி மாற்றித் தருகின்றன. அவை இல்லாமல் புகையான் நன்றாக வாழ முடியாது.

2001இல் சுங்-ஓய் சு, ஹிரோவாகி நோடா, மெரிடித் பிளாக்வெல் மூவரும் இந்த ஈஸ்ட்களின் டிஎன்ஏவைப் பார்த்தார்கள். வழக்கமான ஈஸ்ட்களோடு அவை சேரவில்லை. பூச்சிகளைக் கொல்லும் கார்டிசெப்ஸ் வழியில் வந்து விழுந்தன. 2018இல் யூ மட்சுரா, டகேமா ஃபுகாட்ஸு உள்ளிட்ட குழுவினர் ஜப்பானியச் சில்வண்டுகளில் இன்னும் வியப்பான படத்தைக் காட்டினார்கள். பல சில்வண்டு இனங்கள் பழைய பாக்டீரியாத் துணைவர்களில் ஒன்றை இழந்து, அதன் இடத்தில் ஓபியோகார்டிசெப்ஸ் பூஞ்சையைக் குடியமர்த்தியிருக்கின்றன. அதுவும் ஒரு முறை அல்ல, பல முறை. மரத்தில் அந்தத் துணைவர்கள், சில்வண்டுகளைக் கொல்லும் ஓபியோகார்டிசெப்ஸ்களுக்கு நடுநடுவே கலந்து நிற்கிறார்கள்.

இப்போது ஒரு மாணவர், சில்வண்டின் உடலிலிருந்து வந்த வரிசையையும் காட்டில் எடுத்த தண்டின் வரிசையையும் பக்கத்தில் வைத்து, "இது அதன் ஈஸ்ட் பருவம்" என்று ஆய்வேட்டில் எழுதினால் என்ன ஆகும்? நெருக்கம் உண்மை. பருவம் என்ற முடிவு தவறு. துணைவன் தாய்வழியே போய்க்கொண்டிருக்கிறான். அவன் தண்டாக எழுந்து ஓம்புயிரியைக் கொல்வதற்கு எந்தச் சான்றும் இல்லை. கொலைகாரனின் வம்சத்தில் பிறந்தவன், அவ்வளவே. தொற்றின் தொடக்கத்தில் கொலைகாரப் பூஞ்சையும் பூச்சியின் உடல் திரவத்தில் ஈஸ்ட் போன்ற உருவத்திலேதான் பெருகுகிறது என்பது குழப்பத்தை இன்னும் கூட்டும். வரிசை மட்டும் கையில் இருந்தால் இவ்விரண்டையும் பிரித்தறிய வழி இல்லை. எந்தத் திசு, உயிருள்ள பூச்சியா செத்ததா, முட்டையில் இருந்ததா என்பதையெல்லாம் சேகரித்தவர் எழுதி வைத்திருக்க வேண்டும்.

6

வரிசையை எதனோடு ஒப்பிடுகிறோம்? பொதுத் தரவுத்தளத்தில் உள்ள பெயரிட்ட வரிசையோடு. அந்தப் பெயரை யார் வைத்தார், எந்த மாதிரியைப் பார்த்து? 2006இல் நில்சனும் கூட்டாளிகளும் பூஞ்சைகளின் ஐடிஎஸ் வரிசைகளைச் சோதித்து, சிற்றின அளவில் ஐந்தில் ஒரு பங்குவரை தவறான பெயரில் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். தவறான பெயரோடு 100 விழுக்காடு பொருந்தினால், தவறும் 100 விழுக்காடு நம் கட்டுரைக்குள் வந்துவிடும்.

ஒரு பெயருக்கு இறுதி ஆதாரம் அதன் வகைமாதிரி. அங்கேயும் சிக்கல்கள் உண்டு. மெச்னிகாஃப் 1879இல் ஒடெசா வட்டாரத்துக் கோதுமை வண்டில் கண்ட பச்சைப் பூஞ்சையே மெட்டாரைசியம் அனிசோப்ளியே. அவருடைய மாதிரி எஞ்சவில்லை. ஆகவே பிற்காலத்தில் கிழக்கு ஆப்பிரிக்கப் பாலைவன வெட்டுக்கிளியிலிருந்து எடுத்த வளர்ப்பு ஒன்றை அந்தப் பெயருக்கு வகைமாதிரியாக நியமித்தார்கள். கருங்கடல் கரையின் வண்டுப் பூஞ்சைக்கு ஆதாரம் ஆப்பிரிக்க வெட்டுக்கிளி! சட்டப்படி செல்லும். 2009இல் பிஷாஃப், ரேனர், ஹம்பர் அந்தப் பெயருக்குள் இருந்தவற்றைப் பல சிற்றினங்களாகப் பிரித்தபோது, எது அசல் அனிசோப்ளியே என்பதை இந்த நியமனமே தீர்மானித்தது. தென்னந்தோப்பு எருக்குழிகளில் காண்டாமிருக வண்டின் புழுக்களுக்கு எதிராக நாம் இடும் பெரிய ஸ்போர் வகை, மெட்டாரைசியம் மேஜஸ் என்ற தனிச் சிற்றினமாக அப்போதுதான் வெளியே வந்தது. அதற்குப் பாலினப் பருவம் உண்டு என்பதைச் சீனாவில் வண்டுப் புழு ஒன்றிலிருந்து 2001இலேயே காட்டியிருந்தார்கள். நம் எருக்குழிகளில் அந்தத் தண்டை யாராவது தேடியதுண்டா என்று மேடையில் கேட்டேன். அவையில் கை எழவில்லை.

பெட்சுக்குத் திரும்புகிறேன். இலங்கையில் கரப்பான் இனப் பூச்சி ஒன்றில் அவர் கண்ட பூஞ்சையை ஆதாரமாக வைத்து, 1931இல் ஓபியோகார்டிசெப்ஸ் என்ற பேரினத்தை உருவாக்கினார். நூலிழை ஸ்போர்கள் துண்டுகளாக உடையாமல் முழுதாக இருப்பது அதன் அடையாளங்களில் ஒன்று. ஜப்பானின் கோபயாசி அதைக் கார்டிசெப்ஸுக்குள் ஓர் உட்பிரிவாக ஒடுக்கினார், உலகமும் ஏற்றுக்கொண்டது. 2007இல் கி-ஹோ சுங், ஸ்பாடஃபோரா குழுவினர் 162 பூஞ்சைகளையும் பல மரபணுக்களையும் கொண்டு மரம் வரைந்தபோது, கார்டிசெப்ஸ் என்ற ஒரே பெயருக்குள் மூன்று குடும்பங்கள் அடைந்து கிடப்பது தெரிந்தது. அதில் மிகப் பெரிய பகுதிக்குப் பெயர் தேவைப்பட்டது. பெட்சின் பெயரை எடுத்துத் தூசி தட்டி வைத்தார்கள். இமயத்துப் பூஞ்சை, எறும்புகளை இலையைக் கடிக்க வைத்துக் கொல்லும் பூஞ்சை, சில்வண்டின் துணைவன் எல்லாம் இன்று பெட்ச் இட்ட அந்தப் பெயரைத் தாங்குகின்றன.

ஸ்போர் உடைகிறதா இல்லையா என்ற அவருடைய அளவுகோலை அப்படியே டிஎன்ஏ ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடையும் ஸ்போர் உள்ளவையும் அந்தப் பேரினத்துக்குள் வந்தன. பெயர் நின்றதற்குக் காரணம், எந்தப் பூச்சியில் எதைக் கண்டார் என்று அவர் விட்டுச் சென்ற தெளிவான பதிவு.

7

பெயர் விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். 2011இல் மெல்போர்ன் மாநாடு இரட்டைப் பெயர் விதியை நீக்கியது. ஒரு பூஞ்சைக்கு ஒரு பெயர். எதை வைப்பது என்று ஒவ்வொரு குழுவிலும் பேரம் நடந்தது. பெவேரியா, மெட்டாரைசியம், டோலிபோக்ளாடியம் என்ற பாலிலாப் பெயர்கள் வென்றன. பயன்பாட்டில் வேரூன்றியவை என்பதால் அது நியாயம். ஐசேரியா தோற்றது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் தென்பட்ட தென்னைச் சுருள் வெள்ளை ஈக்கு எதிராகப் பரிந்துரைக்கப்படும் ஐசேரியா ஃபியூமோசோரோசியா, ஏடுகளில் இப்போது கார்டிசெப்ஸ் ஃபியூமோசோரோசியா. உழவருக்குத் தரும் துண்டறிக்கையில் சில ஆண்டுகளாவது இரண்டு பெயர்களையும் சேர்த்து அச்சிடுவது நல்லது.

8

இங்கே செய்ய வேண்டியது என்ன? மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளிலும் காப்பித் தோட்டங்களிலும் தென்மேற்குப் பருவமழைக்குப் பிறகு பூச்சிப் பூஞ்சைகளைத் தேடும் மாணவர்கள் இப்போது கூடிவருகிறார்கள். பெரும்பாலும் நடப்பது இது: தண்டைப் பறித்து, முழுவதையும் அரைத்து, டிஎன்ஏ எடுத்து, வரிசையைத் தரவுத்தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். மாதிரி அரைபட்டுப் போயிற்று. பத்தாண்டு கழித்து அந்த வரிசை எதனுடையது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

தண்டை முழுதாகப் புழுவோடு தோண்டி எடுங்கள். அன்று இரவே ஈரப் பெட்டியில் வைத்து, மேலே அகார் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். முதிர்ந்த குடுவையானால் ஸ்போர்கள் தாமே தெறித்து ஒட்டிக்கொள்ளும். அவற்றில் ஒன்றைத் தனியே பிரித்து வளருங்கள். டிஎன்ஏவை அந்த வளர்ப்பிலிருந்தும் தண்டின் ஒரு துணுக்கிலிருந்தும் தனித்தனியாக எடுங்கள். ஐடிஎஸ்ஸோடு நில்லாமல் இன்னும் இரண்டு மரபணுக்களையாவது பாருங்கள். மிச்சத்தைக் காயவைத்து ஹெர்பேரியத்தில் சேருங்கள். வளர்ப்பைப் புனேயின் தேசியப் பூஞ்சை வளர்ப்புச் சேகரிப்பிலோ சண்டிகரின் எம்டிசிசியிலோ ஒப்படையுங்கள். புழு எந்தப் பூச்சியினுடையது என்று ஒரு பூச்சியியலாளரிடம் கேட்டு எழுதுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் நம்மில் பலர் செய்வதில்லை. வெறுமனே "லார்வா" என்று எழுதிய பெயர்ச்சீட்டுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

சொற்பொழிவு முடிந்தபின் ஒரு மாணவி எழுப்பிய கேள்வி வாதத்தின் பகுதியாகவே அமைந்தது, அதனால் இங்கே சேர்க்கிறேன். "முழு மரபணுத் தொகுதியையும் படித்துவிட்டால் இனச்சேர்க்கை மரபணுக்கள் தெரிந்துவிடுமே, ஐயா. பாலினப் பருவம் உண்டா என்பதற்கு அது போதாதா?" என்று கேட்டார்.

அந்த மரபணுக்கள் இருப்பது, சேரும் திறன் இன்னும் அழியாமல் இருக்கலாம் என்பதைக் காட்டும். சேர்ந்தது என்பதைக் காட்டாது. பூச்சிப் பூஞ்சை அல்லாத ஓர் உதாரணம் இங்கே பொருந்தும். மனித நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ், பாலினமே இல்லாதது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2005இல் இரு வகை இனச்சேர்க்கை மரபணுக்களும் அதன் வளர்ப்புகளில் ஏறத்தாழச் சம அளவில் இருப்பதைக் கண்டார்கள். சந்தேகம் வலுத்தது, ஆனாலும் பாலினப் பருவம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஓகோர்மன், ஃபுல்லர், டையர் மூவரும் எதிரெதிர் வகைகளை ஓட்ஸ் அகார் தட்டில் எதிரெதிரே வைத்து, மூடி, 30 டிகிரி வெப்பத்தில், இருட்டில் ஆறு மாதம் விட்டு வைத்தார்கள். குடுவைகள் உருவாயின, அவற்றுக்குள் ஆஸ்கோஸ்போர்களும் இருந்தன. 2009இல் கட்டுரை வந்தது. மரபணு சொன்ன நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. பெவேரியா பாசியானாவிலும் இரு வகைகள் உண்டு. ஆறு மாதம் ஒரு இன்குபேட்டரை யாரும் தொடாமல் விட்டு வைக்க ஒரு துறைத்தலைவர் அனுமதித்தால், தொடங்கலாம் என்று அந்த மாணவியிடம் சொன்னேன்.